பெட்டிசம் அண்ணையின் சிவப்பு ஃபைல்

இரண்டாயிரத்துகளில் மொன்றியல் வட்டாரத்தில் பதவி வகித்த எந்த அரசியல்வாதியும் பெட்டிசம் அண்ணையின் உளுந்து வடையைத் தின்னாமல் பதவிக்காலத்தை முடித்ததில்லை. கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். நகர கவுன்சிலர், மேயரின் உதவியாளர், கியூபெக் சட்டசபை உறுப்பினர், ஒட்டாவா எம்.பி. என்று கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லார் வயிற்றுக்குள்ளும் அந்த வடை போயிருக்கிறது. தப்பித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கதையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் அவரிடம் போனால் அண்ணைக்குப் பிடிக்காது. எதற்கும் ஒரு முறை வேண்டும் என்பார்.

பெட்டிசம் என்றால் யாழ்ப்பாணத்தில் மனு. மனு எழுதிப் போடுவதைப் பெட்டிசம் அடிப்பது என்பார்கள். மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பகுதியில் எங்கள் தெருவில் யாருக்கு எந்தக் குறை வந்தாலும் அடித்துக் கொடுக்க ஒருவர் இருந்தார். அதனால் அவர் பெயர் பெட்டிசம். பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று ஒருமுறை அவர் மனைவியிடம் கேட்டேன். "அது இப்ப என்னத்துக்கு?" என்று அக்கா உளுந்து அரைக்கப் போய்விட்டார்.

காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவருக்கு வேலை. படுக்கை விரிப்புகளைச் சலவை இயந்திரத்துக்குள் தள்ளுகிற அந்த எட்டு மணி நேரமும் யூனிஃபார்முக்கு உள்ளே டை கட்டியிருப்பார். இரண்டு அடித்ததும் யூனிஃபார்மைக் கழற்றுவார். உள்ளிருந்து ஒரு லொபியிஸ்ட், அதாவது அரசியல்வாதிகளிடம் பேசிக் காரியம் முடிக்கிறவர், வெளியே வருவார். அந்தச் சொல்லை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டார்.

நான் இந்தக் கதைக்குள் வந்தது பிரெஞ்சு மொழியால். சென்னையில் பிளஸ் டூவில் தமிழ் எடுத்தால் மார்க் வராது என்று பிரெஞ்சு எடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் இன்று தமிழில் பத்தி எழுதுகிறேன் என்பது என் தமிழம்மாவுக்குத் தெரிந்தால் சிரிப்பார். கணவருக்கு மொன்றியலில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. எனக்கும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வந்த இரண்டாம் வாரம் மளிகைக் கடையில் ஓர் அம்மா கையில் ஒரு பிரெஞ்சுக் கடிதத்துடன் அழாத குறையாக நின்றார். வாங்கிப் படித்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, வெந்நீர்க் குழாய் மாற்ற வருகிறார்கள் என்றேன். அந்த அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்குப் பின்னால் முருங்கைக்காயும் கையுமாக ஒருவர் நின்றிருந்தார்.

"தங்கச்சிக்கு பிரெஞ்சு தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும் சார்."

"கொஞ்சம் காணும்," என்றார் அவர், போதும் என்கிற அர்த்தத்தில். "கனக்கத் தெரிஞ்சவைக்குத்தான் எழுத நேரமில்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. என் கணவர் திறந்து பார்த்துவிட்டு, "யாரோ எல்.ஐ.சி. ஏஜென்ட் வந்திருக்காரு," என்றார். வாசலில் பெட்டிசம் அண்ணையும் பதினொரு ஃபைல்களும் ஒரு டப்பா வடையும். அதற்கு அப்புறம் ஐந்து வருடம் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

அந்த ஃபைல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அரசியல்வாதிக்கு ஒரு ஃபைல். மூன்று நிறம். பச்சை ஃபைல்காரருக்கு வடை, பொன்னாடை, படம் மூன்றும் உண்டு. மஞ்சள் ஃபைல்காரருக்கு வடை மட்டும். சிவப்புக்கு எதுவும் கிடையாது. பதிவுத் தபாலில் கடிதம் போகும், அவ்வளவுதான். வாசலை மிதிப்பதில்லை. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் அண்ணை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஆட்களை நிறம் பிரிப்பார். அன்றைக்கு அந்த வீட்டில் ரேடியோ கூடப் போட முடியாது.

"நம்மளப் பிடிக்காதவங்கதானே அண்ணை சிவப்பு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. எங்களைப் பிடிக்காதவன் மஞ்சள். அவனுக்கு வடை குடுத்துப் பாக்கலாம், கதைச்சுப் பாக்கலாம். எங்களைக் காட்டி வோட்டு எடுக்கிறவன்தான் சிவப்பு. அவனுக்கு நாங்கள் பயப்படுத்துற படமா இருந்தாலும் லாபம், பக்கத்திலை நிண்டு சிரிக்கிற படமா இருந்தாலும் லாபம். அந்தக் கடைக்கு நாங்கள் ஏன் சாமான் குடுப்பான்?"

இதைச் சொல்லிவிட்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தார். அரசியல் விஞ்ஞானம் படித்த எத்தனையோ பேருடன் பின்னாளில் பேசியிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

வடை வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சம்பவம். எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் கூரை கிடையாது. மைனஸ் இருபதில் கைக்குழந்தையோடு பெண்கள் நிற்பார்கள். சம்பந்தப்பட்ட கவுன்சிலர் மஞ்சள் ஃபைல், எதற்கும் அசையாதவர். அண்ணை போனார், நானும் மொழிபெயர்க்கப் போனேன். மனுவை வாசிக்கிற சுவாரசியத்தில் கவுன்சிலர் வடையோடு சேர்த்து ஒரு முழுப் பச்சை மிளகாயையும் கடித்துவிட்டார். முகம் சிவந்து, கண்ணில் தாரை தாரையாக நீர். அவர் மஞ்சள் என்பதையும் படம் கூடாது என்பதையும் மறந்து, அண்ணை கேமராவை எடுத்தார். அந்த வாரம் இலவசத் தமிழ்ப் பத்திரிகையில், 'தமிழ்த் தாய்மாரின் துயர் கேட்டுக் கண்ணீர் விட்ட கவுன்சிலர்' என்று முதல் பக்கத்தில் வந்தது. நான் அதைப் பிரெஞ்சில் பெயர்த்து அனுப்பினேன். உருகியவர் என்று ஊர் முழுக்கப் பெயர் வாங்கியபின் அவர் என்ன செய்வார்? வசந்தம் வருவதற்குள் கூரை வந்துவிட்டது.

பொன்னாடை விஷயம் இன்னும் மோசம். டொரோண்டோவிலிருந்து மொத்தமாக வரவழைத்து, காரின் பின்பெட்டியில் எப்போதும் இருபது முப்பது வைத்திருப்பார். ஒருவரை நல்லவர் என்று மனம் ஒப்புக்கொண்டால் போதும், அவர் கை தானாகப் போர்த்திவிடும், மூளையைக் கேட்காது. ஒருமுறை கோயில் மண்டபத்துக்குத் தீயணைப்பு அதிகாரி வருகிறார் என்று காத்திருந்தோம். கோட்டுப் போட்ட ஒருவர் உள்ளே வந்து அன்பாகச் சிரித்தார். அண்ணை போர்த்திவிட்டார், நாதஸ்வரக்காரர் வாசித்தும்விட்டார். வந்தவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். அவர் பொன்னாடையைக் கழற்றாமலேயே மீட்டரைக் குறித்துக்கொண்டு, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு, அதோடேயே வேனில் ஏறிப் போனார். "ஆள் நல்லவர்தானே," என்றார் அண்ணை.

அந்த நாட்களில் கியூபெக்கில் லொபி செய்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. பச்சை, மஞ்சள், வடை உட்பட எல்லாவற்றையும் விவரித்துப் பதினான்கு பக்க விண்ணப்பம் தயார் செய்தார். முழுவதையும் நான் பிரெஞ்சாக்கினேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது. சம்பளம் வாங்காமல் அக்கம்பக்கத்தாருக்காகப் பேசுகிறவர் சட்டப்படி லொபியிஸ்ட் ஆகமாட்டார், பதிய வேண்டியதில்லை. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. "பதினைஞ்சு வருசம் செய்து போட்டன் தங்கச்சி. நான் அது இல்லையாம்," என்றார். அப்புறம் அந்தக் கடிதத்தை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினார். பிரெஞ்சு தெரியாத விருந்தாளிகள் அதைத்தான் லைசன்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரும் திருத்தவில்லை.

இப்போது படலையாருக்கு வரலாம்.

படலை என்றால் யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசல் கேட். மொன்றியலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே ரேடியோவில் வாய் கிழியப் பேசிப் பிரபலமான ஒருவர் தேர்தலில் நின்று ஒட்டாவாவுக்கு எம்.பி.யாகப் போய்விட்டார். எந்தப் பெரிய கட்சியும் அவரைச் சேர்க்கவில்லை. வந்தவர்கள் போதும், கதவைச் சாத்துங்கள் என்பதுதான் அவருடைய கொள்கை, பொருளாதாரம், வெளியுறவு எல்லாமே. முஸ்லிம்கள் என்றால் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறும். அவர் பெயரை உச்சரிக்க அண்ணைக்கு விருப்பமில்லை, படலையார் என்று வைத்தார். அண்ணையிடம் இருந்த ஒரே சிவப்பு ஃபைல் அவருடையதுதான். அது எவ்வளவு சிவப்பென்றால், அதை மற்ற ஃபைல்களோடு வைக்காமல் தனியாக ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்திருந்தார்.

அந்த ஊரில் ஒரு காளான் பண்ணை இருந்தது. அதில் செல்வி என்று ஓர் ஈழத்துப் பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பது வயது, தனி ஆள். அவளுடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, திருப்பி அனுப்பத் தேதியும் குறித்துவிட்டார்கள். இருபத்திரண்டு நாள் இருந்தது. மனிதாபிமான அடிப்படையில் அவள் போட்ட இன்னொரு விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. அந்த முடிவு வரும்வரை அனுப்பாதீர்கள் என்று அவள் தொகுதி எம்.பி. அமைச்சருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு என்றார் வக்கீல். வேறு தொகுதி எம்.பி.க்கள் கைவிரித்துவிட்டார்கள், அடுத்தவர் தொகுதி ஆளுக்கு எழுதுவது வழக்கமில்லையாம். அவள் போய் இறங்க வேண்டிய ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவள் தொகுதி எம்.பி. படலையார்.

அண்ணை ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவர் வீட்டில் தமிழ்ச் சங்கத் தலைவரும் செயலாளரும் வந்து கூடினார்கள். தலைவருக்கு ஒரே உற்சாகம். "இதுதான் சந்தர்ப்பம். ஒரு மண்டபம் எடுப்பம். ஆளைக் கூப்பிட்டுப் பெரிய வரவேற்புக் குடுப்பம். குளிர்ந்திடுவான்."

செயலாளர் தரையில் காலை உதைத்தார். "உவன்ரை வாசலுக்குப் போனால் எங்கட மானம் போயிடும். சரித்திரம் மன்னிக்காது."

அண்ணை இருவருக்கும் தேத்தண்ணியை நகர்த்தினார். "மானம் எங்கட. உயிர் அவளின்ரை. ரெண்டையும் ஒரு தராசிலை போடாதேங்கோ," என்றார். "தலைவர், நீங்கள் சொல்லுற மாதிரி அவனுக்கு நாங்கள் என்னத்தைக் குடுக்கிறது எண்டு யோசிக்கேலாது. அவன் என்னத்தை எங்களிட்டை எடுக்கப் பாப்பான் எண்டுதான் யோசிக்க வேணும்."

இருவரும் தங்கள் தங்கள் கருத்தோடு அப்படியே வீட்டுக்குப் போனார்கள். அண்ணை சட்டையை மாற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினார். அங்கே ரஃபீக் பாய் குடியிருந்தார். லாகூர்க்காரர், டாக்ஸி ஓட்டுகிறவர்.

"இவர்கிட்ட எதுக்கு அண்ணை?" என்று படிக்கட்டில் கேட்டேன்.

"படலையார் ரேடியோவிலை அடிக்கிறது ஆரை? எங்களையோ? இவையளைத்தான். நாங்கள் அங்கை போய் நிண்டால் அடி இவருக்கு இன்னும் கொஞ்சம் பலமா விழும். இவரிட்டைக் கேளாமல் போனால் அது லொபி இல்லை, வியாபாரம்."

ரஃபீக் பாயிடம் அண்ணை தன் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். செல்வியின் வயது, தேதி, ஷெல், படலையார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வேண்டாம் என்று அவர் சொன்னால் அண்ணை போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"போங்க," என்றார் கடைசியில் ஆங்கிலத்தில். "அந்தப் பொண்ணு முக்கியம். ஆனா அவன் படத்துல நின்னு சிரிக்காதீங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

மறுநாள் அண்ணை எங்களுக்கு விதிகளை அறிவித்தார். வடை இல்லை. பொன்னாடை இல்லை. கார்ப் பின்பெட்டியின் சாவி அக்காவிடம் இருக்கும். படம் கிடையவே கிடையாது. அவர் கோப்பி கொடுத்தால் குடிக்கலாம், பிஸ்கட் கொடுத்தால் ஒன்று. கை கொடுத்தால் கொடுக்கலாம், ஆனால் ஒரு கை மட்டும். பாராட்டிப் பேசக்கூடாது, திட்டவும் கூடாது. "நாங்கள் கடிதத்துக்குப் போறம். கடிதம் மட்டும்."

"ஓம் அண்ணை," என்றாள் செல்வி.

அவள் ஓம் என்றாளே ஒழிய, பெரிய மனுஷரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று முப்பது வருஷம் சொல்லி வளர்க்கப்பட்டவள். இந்தக் குறிப்பை இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை எங்கோ போய்விட்டார். திரும்பும்போது வடை டப்பா காலி. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, "பிறகு சொல்லுறன்," என்றார்.

புதன்கிழமை போனோம். படலையாரின் தொகுதி அலுவலகம் ஒரு தெப்பனர் கடைக்குப் பக்கத்தில், பெட்டிக்கடையும் அலுவலகமும் ஒரே சுவரில். பற்கள் நீண்ட ஒருவரை எதிர்பார்த்து நான் போயிருந்தேன். படலையாரோ எழுந்து வந்து எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், கோட்டை வாங்கி மாட்டினார், ரோட்டில் பனி அதிகமா என்று விசாரித்தார். இவ்வளவு மரியாதையான மனிதரை நான் அந்த நாட்டில் அதுவரை பார்த்ததில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், இப்படி உபசரிக்கிறவரை என்ன செய்வது?

அண்ணை ஃபைலை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். கைகள் தன்னையறியாமல் மரியாதை செய்யக் கிளம்பிவிடும் என்கிற பயம்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். அண்ணை ஐந்து நிமிடம் பேசினால் என்னிடமிருந்து இரண்டு வரி வரும். "அவ்வளவுதானோ?" என்று ஒவ்வொரு தடவையும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். படலையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு செல்வியைப் பார்த்து, "நீங்கள் உழைக்கிறவர். சட்டத்தை மதிக்கிறவர். நான் பேசுவது உங்களைப் போன்றவர்களைப் பற்றி இல்லை," என்றார். நாங்கள் எழுதிக் கொண்டு போயிருந்த கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவின் மூடியைத் திறந்தார். செல்வி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்வோம்," என்றார். "என் தொகுதிச் செய்திமடலுக்கு. நல்லவர்கள் என்னோடு இருக்கிறார்கள் என்று மக்களுக்குத் தெரியட்டுமே."

மூலையில் இருந்த உதவியாளர் பெண் கேமராவை எடுத்தாள். அண்ணைக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"தங்கச்சி, படம் இல்லை எண்டு சொல்லுங்கோ. ஏன் எண்டு கேட்டால், கீழ் வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்திட்டு வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். "யார் உங்கள் கீழ் வீட்டுக்காரர்?" என்று கேட்டார் படலையார்.

அண்ணை சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். "உங்க ரேடியோ நிகழ்ச்சியில தினமும் வர்றவர்."

பேனா மூடியது. கடிதம் மேசையின் அந்தப் பக்கம் போனது. முகத்தில் அதே புன்னகை, ஆனால் அதற்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டார். "அப்படியென்றால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்," என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். அண்ணையைப் பார்த்தாள். "அண்ணை, ஒரு படந்தானே," என்றாள் தாழ்ந்த குரலில். இருபத்திரண்டு நாளில் ஏழு போய்விட்டது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் படலையாரின் தோளில் கை போட்டே படம் எடுத்திருப்பேன்.

"பொறு பிள்ளை," என்றார் அண்ணை. ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அது காளான் பண்ணை முதலாளியின் கடிதம். எழுபது வயது, அந்த ஊரிலேயே பிறந்தவர், பாதி ஊர் அவருக்குச் சொந்தக்காரர்கள், போன தேர்தலில் படலையாரின் விளம்பரப் பலகையைத் தன் வேலியில் நட்டவர். செல்வி போனால் என் பண்ணையில் அவள் அளவுக்கு வேலை செய்ய ஆள் கிடையாது, அவளை நிறுத்தி வைக்க உன்னால் முடியாவிட்டால் அடுத்த தேர்தலுக்கு என் வேலியில் இடமும் கிடையாது என்று, நீட்டி முழக்காமல் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வடை போன இடம் அதுதான். ஆறு வடை தின்றாராம்.

"அவனுக்கு எங்களைக் கண்டு பயமில்லை தங்கச்சி," என்று அண்ணை என் காதில் சொன்னார். "ஆரைக் கண்டு பயம் எண்டு தேடிப்பிடிச்சிட்டால் படம் எல்லாம் தேவையில்லை."

படலையார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தன் வாக்காளர் ஒருவரின் தொழிலுக்காகவே இதைச் செய்வதாக எங்களுக்கு விளக்கினார். ஆமாம் என்றேன்.

கடிதம் என் கைக்கு வந்தது. அங்கேதான் நாங்கள் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

செல்விக்குக் கண்ணெல்லாம் நீர். கைப்பையைத் திறந்தாள். உள்ளிருந்து மடிப்புக் கலையாத ஒரு சரிகைப் பொன்னாடை வெளியே வந்தது. கார்ப் பின்பெட்டிச் சாவியைத்தான் அக்கா வைத்திருந்தார், செல்வியின் கைப்பையை யாரும் சோதிக்கவில்லை. அவள் யோசித்துச் செய்யவில்லை, உதவி செய்த கைக்குச் செய்கிற மரியாதையாக அதை விரித்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் படலையாரிடம் போனாள். படலையார் முகம் மலர்ந்து எழுந்து நின்றார். உதவியாளர் பெண் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போனாள். செய்திமடலின் முதல் பக்கம் கண் முன்னால் உருவாகிக்கொண்டிருந்தது.

அண்ணைக்கு ஐம்பது வயது, முழங்காலில் வாதம், உயரம் ஐந்தடி மூன்று. அன்றைக்கு அவர் அந்த மேசையின் குறுக்கே போன வேகத்தை நான் எந்தக் கபடி ஆட்டத்திலும் பார்த்ததில்லை. பிஸ்கட் தட்டு ஒரு பக்கம் பறந்தது. செல்விக்கும் படலையாருக்கும் நடுவில் அவர் போய் நிமிர்ந்ததும், பொன்னாடை இறங்கியதும், கேமரா மின்னியதும் ஒரே நொடி. பொன்னாடை அண்ணையின் தலைமேல் விழுந்து முகத்தை மூடிவிட்டது. உள்ளேயிருந்து, "கெதியா வெளிக்கிடுங்கோ, ஓடுங்கோ," என்று குரல் மட்டும் வந்தது.

செல்வி பதறிப்போய்ப் பொன்னாடையை அவர் முகத்திலிருந்து விலக்கினாள். விலக்கியவள், கை பழக்கத்தில், அவர் இரண்டு தோளிலும் அதைச் சரி பார்த்துப் படிய வைத்தாள். உதவியாளர் பெண் இன்னும் இரண்டு படம் எடுத்துவிட்டாள். மூன்றிலும் படலையாரின் முழங்கையும் ஒரு காதும்தான் தெரிந்தன என்று பிற்பாடு பண்ணை முதலாளி சொல்லிச் சிரித்தார். செய்திமடலில் எதுவும் வரவில்லை.

காரில் ஏறியதும் அண்ணை மிகவும் உடைந்துபோனார். "சிவப்பு வீட்டிலை பொன்னாடை விரிச்சுப்போட்டம். என்ரை ரூல் போச்சு," என்று ஸ்டியரிங்கைப் பார்த்தே சொன்னார். தோளிலிருந்து அதை எடுத்து மடிக்கப் போனார், பச்சை ஃபைல்காரர் யாருக்காவது ஆகும் என்று நினைத்திருப்பார்.

பின் சீட்டிலிருந்து செல்வி அவர் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதேங்கோ அண்ணை. அது உங்களுக்குத்தான். எனக்குத்தான் அங்கை ஆள் மாறிப்போச்சு."

அண்ணை மடிப்பதை விட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குப் போர்த்தியவருக்கு அதற்கு முன்னால் ஒருவரும் போர்த்தியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்களும்தான் போர்த்தவில்லை. பொன்னாடைக்கு மேல் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மொன்றியல் வந்து சேரும்வரை அதோடேயே ஓட்டினார்.

வீட்டுப் படியில் ரஃபீக் பாய் நின்றிருந்தார். பொன்னாடையைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். பாய் சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செல்வியை அனுப்பும் தேதி நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த வருடம் அவளுடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. இப்போது கல்யாணமாகி, மொன்றியலிலேயே ரொக்ஸ்பரோ பக்கம் இருக்கிறாள். அவளுடைய பெரிய மகளுக்கு எங்களோடு பேச பிரெஞ்சுதான் வருகிறது. படலையார் அடுத்த தேர்தலில் வேலி கிடைத்தும் தோற்றுப்போனார். அண்ணை ஓய்வு பெற்றுவிட்டார் என்று ஹோட்டல்காரர்கள் நினைக்கிறார்கள். போன மாதம்கூட எனக்குத் தொலைபேசி வந்தது, "தங்கச்சி, ஒரு சின்னக் கடிதம்," என்று. சின்னக் கடிதம் ஒன்பது பக்கம்.

பத்தி எழுதுகிற வேலை நிமித்தமாக எத்தனையோ பத்திரிகைகள் புரட்டுகிறேன். மேடையில் யாரோ ஒரு பெரிய மனிதர் குனிந்து பொன்னாடை வாங்கிக்கொள்ளும் படம் எதிலாவது கண்ணில் படாமல் இருக்காது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. ஆள் மாறிப்போச்சு.